சங்கமுனைக் கிணற்றுக் கல்லை அசைக்க வேண்டாம்

வெண்குன்ற நாடாளும் பெருநற்கோவின் திருவாணை தாங்கி, சங்கமுனைத் துறையில் கல்வி காக்கும் அமைச்சர் எயினங்கை, யானைப்படைத் தலைவர் நெடுவேட்டனார்க்கு விடுக்கும் ஓலை. உம் வழியெல்லாம் நிழலும் நீரும் வாய்ப்பதாக.

இவ்வூர்க் கிணறு வற்றியதால், அடியிலுள்ள பெருங்கல்லைப் பெயர்த்தால் ஊற்றுப் பிறக்குமென எண்ணி, ஆறு களிறுகளோடு உம்மை அழைத்தவள் நானே. அதனை மாற்ற நேர்ந்த காரணத்தைக் கேட்பீராக.

எம் கல்விச்சாலையில் மலையர், கடலர், பாலையர், நாட்டார் ஆகிய நால்வகைக் குடிப் பிள்ளைகள் பயில்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் இகழ்ந்து, நான்கு மூலைகளில் பிரிந்தே அமர்ந்திருந்தனர். ஆகவே திங்கள்தோறும் கூடித் தீர்க்கும் விழா ஒன்றை ஏற்படுத்தினேன். குடிக்கு ஒருவராக நால்வர் சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். தனியொருவர் விடை ஏற்கப்படாது.

இம்முறை நான் கொடுத்த சிக்கல், நண்பகல்தோறும் அக்கிணற்றில் எழும் முனகல். காற்றென்றே நானும் எண்ணியிருந்தேன். கடலர் மகள் அலவியோ, அதில் தன் மொழியில் 'கடல்' என்னும் சொல் கேட்கிறதென்றாள். மற்ற மூவரும் நகைத்தனர். பின்பு மலையர் மகள் தன் மொழியில் 'கல்' என்பதைக் கேட்டு நகைப்பை நிறுத்தினாள். பாலையர் மகளுக்கு 'எடுக்காதீர்' என்றும், நாட்டார் மகனுக்குத் 'தாங்கி நிற்கிறோம்' என்றும் கேட்டன. நால்வரும் தத்தம் சொல்லை மற்றவர்க்குக் கற்பித்து, மூன்று நாள் கிணற்றருகே அமர்ந்து, சொற்களை வரிசைப்படுத்தி என்னிடம் கூறியது இது: கல்லை எடுக்காதீர்; கடலைத் தாங்கி நிற்கிறோம்.

நான் நம்பவில்லை. கற்றச்சர் வேண்மானை உள்ளே இறக்கினேன். கல்லில் கசிந்த ஈரம் உப்புக் கரித்ததென்றார். தாம் உள்ளங்கையை ஊன்றிய இடத்தில், மறுபுறமிருந்து மற்றோர் உள்ளங்கை அழுத்தியதென்றும் சொல்லி, மேலே வந்து நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

பிள்ளைகள் அதன்பின் மூலைகளுக்குத் திரும்பவில்லை. முதலில் அவர்களை ஒட்டவைத்தது அச்சமே என்பதை மறைக்கமாட்டேன். இப்போதோ ஒருவர் மொழியில் மற்றவர் வைது விளையாடுகின்றனர்.

இன்று நண்பகல் அக்குரல் புதிதாய் ஆறு பெயர்களைச் சொல்லிற்று. நால்வரும் கேட்டுத் தொகுத்தவை: கார்வண்ணன், மலையடி, நீள்கோடன், செம்புள்ளி, இடிமுரசு, வெண்ணகன். உம் களிறுகளின் பெயர்களை இவ்வூரில் அறிந்தார் எவருமில்லை, நானும் அறியேன்.

இவ்வோலை கைசேரும் இடத்திலேயே நிற்க. களிறுகளைத் திருப்புக. மீறி ஓரடி வைப்பவர் அரசாணை மீறியவராவர். அரச முத்திரை இட்டேன்.

அவை உம் களிறுகளின் பெயர்கள்தாமா என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.