பேரிங் சத்தம்

பீரோவை ஒழிக்கும்போது அந்த ரிப் துணிப் பட்டை கையில் வந்தது, மாமா. நடுவில் இன்னும் திருநீறு அப்பியிருக்கிறது. ஸ்கேன் மெஷினின் பெல்ட் உங்கள் நெற்றியை உறுத்தக் கூடாது என்று, உங்கள் பனியன் கம்பெனித் துணியிலேயே வெட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள்.

எட்டாவதோடு நின்ற நான் போனில் தேடிப் படித்து மளிகை நோட்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன். ஊசியில் ஏற்றும் மருந்து மூளைக்குள் போய்த் தங்கும். இரண்டு தட்டுகள் தலையைச் சுற்றிவந்து அதைப் படம் பிடிக்கும். எவ்வளவு ஒட்டிச் சுற்றுகிறதோ அவ்வளவு தெளிவு. தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் கெடும். உங்கள் மறதி எந்த வகை என்று அந்தப் படம்தான் சொல்லும், வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் கேடு என்றிருந்தார் டாக்டர். நீங்கள் அசையக் கூடாது, அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

உங்கள் அகலத் தோளில் இடிக்காமல் தட்டுகளைக் கிட்டே கொண்டுவர டெக்னீஷியன் பெண் வெகுநேரம் பாடுபட்டாள். சுற்று ஆரம்பித்தது. நான் கால்மாட்டில் நின்று முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று உங்கள் வலது கை எழுந்து காற்றில் சுவிட்சைத் தேடியது.

“அம்மிணி, பேரிங் போச்சு. நிறுத்தச் சொல்லு, துணியில கோடு விழுகும்.”

நாம் பெற்ற மகளின் பெயரே தெரியாதவருக்கு மெஷின் சத்தமா தெரியப்போகிறது என்று எனக்கு ஆத்திரம். அந்தப் பெண்ணின் முன்னாலேயே சொன்னேன்.

“மெஷின் நல்லாத்தானுங்க இருக்குது. கெட்டது உங்க தலைதானுங்க. கையை அடக்கிட்டுக் கிடங்க.”

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். முடியும்வரை இமைகூட ஆடவில்லை.

படம் மங்கலாக வந்தது. அசைந்துவிட்டார் என்றார்கள். அவிநாசி வரும்வரை பஸ்ஸில் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “தப்புத்தானுங்க” என்றீர்கள். என்னிடம் நீங்கள் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை.

மூன்றாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

“அம்மா, ஐயா அசையலம்மா. மெஷின்ல தட்டைத் தாங்குற கையிலதான் பேரிங் தேஞ்சு ஆடியிருக்கு. மாத்திட்டோம். திரும்ப எடுக்கணும்.”

ஓடிவந்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன்.

“எந்த மெஷினுங்க?”

சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வீர்கள், அடுத்த வேளைச் சோற்றுக்குள் மறந்துபோய்விடும்.

இரண்டாம் முறை பெல்ட்டே வேண்டியிருக்கவில்லை, பிணம்போலக் கிடந்தீர்கள். படம் கண்ணாடியாக வந்தது. இவ்வளவு நன்றாக ஒத்துழைத்தவரைப் பார்த்ததில்லை என்று டாக்டர் மெச்சினார். சரியான மருந்து கிடைத்தது, இரண்டு வருடம் நடமாடினீர்கள்.

நீங்கள் சொன்னது சரி என்பது தங்காத தலையில் நான் சொன்னது மட்டும் தங்கிவிட்டது. பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஓடத் தொடங்கினாலும், வீட்டில் கிரைண்டர் சுற்றினாலும், உங்கள் கை இரண்டும் தொடைக்கு அடியில் போய்விடும். சோற்றுத் தட்டு முன்னால் இருந்தாலும் வெளியே வராது. நான்தான் ஊட்டினேன்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்றும் கிரைண்டரைப் போடும்முன் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன். சத்தம் ஆரம்பித்ததும் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை, மாமா.