நீ கொண்டுவந்த கடைசிப் பிரேரணை

பிள்ளை,

மன்றத்தில் பார்வையாளருக்குக் கொடுக்கிற அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கோட்டுப் பைக்குள்ளேயே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். மேசையில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

நீ உறுப்பினராக இருந்த கன்டோன் மன்றத்தின், இந்தச் சுவிஸ் மாநிலச் சபையின், இணையப் பக்கத்தில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. கீழே நீ கொண்டுவந்த பிரேரணைகள். விடியவே வேலைக்குப் போகிற தாய் தகப்பனின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு. பஸ் தரிப்பிடங்களுக்குக் கூரை. "கூரை கேக்கவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?" என்று நான் பகிடி பண்ண, "மழைக்குள்ளை நிண்டு பாருங்கோ அப்பா, தெரியும்" என்றாய். கூரை வந்தது. ஆராவ் ஸ்டேஷனுக்குப் போக அதற்குக் கீழேதான் நிற்கிறேன்.

கடைசிப் பிரேரணைதான் எனக்குப் பிடிக்கவில்லை. டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, தெரியாத நோயாளிகளுக்குக் கன்டோன் செலவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கொண்டு கதைப்பிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் நீ எங்களுக்காகக் கதைத்தது எனக்கு எவ்வளவு பெருமை! அதிலே என்ன பிழை கண்டாய் என்று சண்டைக்கு வந்தேன். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாய்.

அம்மா நோயில் கிடந்தபோது நீ நாலாம் வகுப்பு. டொக்டர் நீளமாகக் கதைத்தார். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றினால் சுகம் வருமாம் என்றாய். அந்தச் சந்தோசத்தில் பின்னேரம் நான் கேக் வாங்கி வந்தேன். வயிற்றுக்குத்து என்று நீ தொடவேயில்லை. பனி கரைய முன்னமே அம்மா போய்விட்டாள். மருந்து சரிவரவில்லையாக்கும் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

அந்தப் பிரேரணைக்குப் பிறகு நீயும் நோயில் படுத்தாய். உன்னுடைய டொக்டர் நல்ல பெண். எனக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் எடுக்கட்டோ என்று கேட்டாளாம். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"அப்பா, இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையாம். அம்மாவுக்கும் அண்டைக்கு இதைத்தான் சொன்னவை. என்னாலை சொல்லேலாமல் போச்சு."

ஐயோ பிள்ளை. பத்து வயதில் இருந்து அதைத் தனியச் சுமந்து திரிந்தாயே. நான் மடையன், கேக் வெட்டிக்கொண்டு நின்றேன்.

கொண்டுவந்தவர் இல்லாமல் போனால், இன்னொரு உறுப்பினர் ஏற்றால் தவிர, பிரேரணையும் விழுந்துவிடுமாம். எவர் எடுத்தார் தெரியுமோ? உன்னோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற அந்த மாட்டுப்பண்ணைக்காரர். உன் செத்தவீட்டில் என் கையைப் பிடித்தபடி நின்ற மனுசன், மன்றத்தில் எழும்பி அதைத் தன் பெயரில் எடுத்தார்.

இன்று வாக்கெடுப்பு. மேல் மாடத்தில் வழக்கமான ஓரத்து இருக்கையில் இருந்தேன். இடைவேளையில் நீ படியேறி ஓடிவந்து, யார் என்ன சொன்னது என்று தமிழில் சொல்லிவிட்டுப் போவாய். அதற்காகப் பக்கத்து இருக்கையில் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பேன். இன்றும் போட்டு வைத்தேன். பழக்கம்.

வாக்குப் பலகையில் பச்சையும் சிவப்பும் கலந்து எரிந்தன. தலைவர் எதையோ வாசித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னவாம் பிள்ளை?" என்று கோட்டைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே பண்ணைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினார். இல்லை என்று.

இந்த முறை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோற்றுப்போச்சு பிள்ளை. அன்று நீ எங்களுக்குச் சொன்னதுபோல, வென்றுவிட்டது என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன்.