கடைசி அத்தியாயத்தை வெட்டி வைக்கிறவர்கள்

அன்பு மகளுக்கு,

இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும். முதலில் நலம் விசாரிப்பது மரியாதை, அதனால் விசாரிக்கிறேன், நலம்தானே? அங்கே மழை விடவே இல்லை என்று உன் அம்மா சொன்னாள், ஈரத் தலையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போய் நிற்காதே. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது, அதற்குக் காரணம் நீ. டெலிபோன் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் அம்மா சாயங்காலம் கொஞ்சம் நடப்பாள், என்னோடு நாலு வார்த்தை பேசுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பழைய புத்தகக் கடையில் அள்ளி, பெட்டி பெட்டியாக அந்த இங்கிலீஷ் மர்ம நாவல்களை அனுப்பி வைத்தாய். எல்லாம் ஒரே அச்சு. அட்டையில் ஓர் ஓட்டு வீடு, ஜன்னலில் ஒரு பூனை, மேசையில் தேநீர்க் கோப்பை, உள்ளே நாலாம் பக்கத்தில் ஒரு பிணம். செத்தவனுக்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே யார் கொன்றிருப்பார்கள் என்று பேசுகிறார்கள். துப்புத் துலக்குகிறவள் போலீசும் இல்லை, ஒரு கடிகாரக்காரரின் விதவை. இருநூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்தில் மாளிகை மாளிகையாகப் போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாளாம், அவள் போகிற இடமெல்லாம் கொலை விழுகிறதாம். அப்படிப்பட்டவளை எவனாவது வீட்டுக்குள் விடுவானா? இதைக் கேட்டால் உன் அம்மா, ஏங்க, ரசிக்கத் தெரியலேன்னா பேசாம இருங்க என்கிறாள்.

சாவி கொடுக்கிறவளாவது கதையோடு நின்றிருந்தால் சரி. இப்போது நம் முன்னறையில் வாரம் தவறாமல் கூட்டம். கீழ் வீட்டுத் தையல்காரி, எதிர்வரிசைப் பல் டாக்டரம்மா, உன் சின்ன மாமா. என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர், இன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து, கொன்னது பாதிரியார்தான்க்கா, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா என்கிறார். கதையில் ஏதம்மா மூஞ்சி? உன் அம்மா இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசிக்கிறாள். அந்தப் பிரபுவின் மனைவி, பட்டுக் கவுனும் முத்து மாலையுமாக வந்து நின்று, ஏன்டி, வெள்ளிக் கரண்டிய எங்கடி வச்சே என்று வேலைக்காரியைக் கேட்கிறாள். தையல்காரி, ஐயோ பாவம் அந்தப் பொண்ணு என்று உச்சுக் கொட்டுகிறாள். நான் உழைத்து எழுதிய வரலாற்றுப் புத்தகம் பரணில் கிடக்கிறது, இந்தக் குடும்பத்தில் ஒருவரும் முன்னுரையைத் தாண்டவில்லை, நீ உட்பட. இவர்கள் ஒவ்வொரு நாவலையும் ஆரம்பிக்கும் முன்பே கடைசி அத்தியாயத்தை பிளேடால் வெட்டி எடுத்து, கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து வைத்துவிடுகிறார்கள், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம். புத்தகத்தை வெட்டுவதைப் பார்த்தபோது என் வயிற்றில் கீறியது போலிருந்தது. என் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை யாராவது வெட்டியிருந்தால்கூட இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவைக் கேட்டேன். அந்த அம்மாள் பல் பிடுங்குகிற நிதானத்தோடு, சார், உங்களுக்கு பிரின்சிபால் வேலை வராம மொட்டைக் கடுதாசி போட்டது யாருன்னு இன்னிவரைக்கும் உங்களுக்குத் தெரியாதுல்ல, இதுல கடைசிப் பக்கத்துல தெரிஞ்சிடும், அதுக்குத்தான் படிக்கிறோம் என்றார். என் விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தது உன் அம்மாதான், வேறு யார்? எங்கள் காலேஜ் புவியியல் துறைக்காரன்தான் போட்டான் என்று எனக்கு நிச்சயம், ஆனால் நிரூபணம் கிடையாது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். போன நாவலின் கவரை யாரிடம் கொடுத்து வைப்பது என்று பேச்சு வந்தது. உன் அம்மா, இவர்கிட்ட இருக்கட்டும், இவரு செத்தாலும் இதைத் தொட்டுப் பார்க்கமாட்டாரு என்று எல்லோர் முன்னாலும் சொல்லி என் அலமாரியில் வைத்தாள். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்றுகூட எனக்குப் புரியவில்லை. மத்தியானம் அவள் கண் அசருகிற நேரத்தில் மீதிப் புத்தகத்தைப் புரட்டினேன், தவறுகளைக் குறித்து உனக்கு எழுத வேண்டும் என்பதற்காக மட்டும்தான். தவறுகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியே கடைசி அத்தியாயத்தையும் சரிபார்த்துவிட்டால்தானே வேலை முழுமையாகும்? சரிபார்த்தேன், மறுபடி பின் அடித்து வைத்துவிட்டேன். பரீட்சைத் தாள் திருத்தியே பழகிய கை, என்ன செய்தது என்று எனக்கே நினைவில்லை. கூட்டத்தில் தையல்காரி கவரைப் பிரித்தாள், பிரித்தவள், அக்கா இதென்ன ரத்தமா என்று பதறினாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'இந்த ஆண்டில் தீக்குச்சி ஏது? கவனக்குறைவு' என்று உரக்கப் படித்தார். அது போகட்டும், கொலைகாரன் மாட்டிக்கொள்கிற பக்கத்தின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். உன் மாமா, அத்தான், மொத்தத்துல எத்தனை மார்க் போட்டீங்க என்று கேட்டு, சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உங்களை நம்பித்தானே குடுத்தேன் என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கவர் தையல்காரியின் மெஷின் டிராயரில், கூட்டம் நடக்கும்போது நான் சமையலறையில்.

அந்தக் காலத்தில் தீக்குச்சியே கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மைதான், அதை ஒருவரும் மறுக்கவில்லை, அதைப் பற்றி எவருக்கும் கவலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்கிறாய், என்னிடம், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான் நம் பேச்சு. பிறகு பால் பொங்கி வழிகிற வரை அம்மாவும் மகளும் யார் யாரைக் கொன்றார்கள் என்று பேசுகிறீர்கள். இரண்டு அறைக்கு அப்பால் உட்கார்ந்து உன் சிரிப்பை மட்டும் கேட்கிறேன். என்னிடம் பேசும்போது நீ அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்.

உன் அம்மா கடைசியாக ஒரு வழி விட்டிருக்கிறாள். மத்தவங்க மாதிரி நீங்களும் ஊகம் எழுதி அவளுக்கு அனுப்புங்க, சரியா இருந்தா வந்து உட்காருங்க, தப்பா இருந்தா அடுப்பைப் பார்த்துக்குங்க என்றாள். நீயே வைத்த விதிதானே அது, மாமாவின் ஊகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்து அவர் கோபித்துக்கொண்ட பிறகு, இனி யாரும் பேர் போடாமல் தபாலில் அனுப்புங்கள், முடிவைப் படித்துவிட்ட நான் சரியானதை மட்டும் போனில் வாசிக்கிறேன், எழுதியவர் கையைத் தூக்கட்டும் என்று சொன்னது. எனவே எழுதுகிறேன். இப்போதைய நாவலில், மாளிகைச் சமையல்காரி, அந்தி இருட்டில், கொத்து விளக்கு எரிகிற கூடத்துக்குள் நின்றுகொண்டு, மூடிய ஜன்னல் வழியாகத் தோட்டக்காரன் சம்மட்டியோடு போனதைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்கிறாள். நம் முன்னறையில் பொழுது சாயும் நேரத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன். விளக்கு எரியும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது, அதுவும் கடுகடுவென்று. உன் அம்மா, அதென்ன சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறீங்க, பல்பு போயிடும் என்று சத்தம் போட்டாள். காரணம் சொல்லவில்லை, சொன்னால் அவளும் கண்டுபிடித்துவிடுவாள். சமையல்காரி பொய் சொல்கிறாள். கொன்றது அவள்தான். கடிகார விதவை இதை எட்டாம் அத்தியாயத்திலேயே பார்த்திருக்க வேண்டும், ஆனால் அவளுக்கு மாளிகைக்கு விருந்தாளியாக வந்த ராணுவக்காரனைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலையிலும் நல்ல பேர் எடு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. அடுத்த பெட்டியில் அந்த விதவையின் கதை மீதியிருந்தால் வை, தவறுகளைக் குறித்தாக வேண்டும். இன்னொன்று, மறக்காதே. நீ வாசிக்கிற ஞாயிறன்று போனைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல், சமையலறை வரை கேட்க வேண்டும்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனைவிடக் கேவலமானவன் உலகத்தில் இல்லை என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். இத்தனை பக்கம் எழுதிய பிறகு இது யாருடைய கடிதம் என்று உனக்குத் தெரியாமலும் போகாது. ஆனாலும் விதி விதிதான், ஒருமுறை மீறிப் பட்ட பாடு போதும். இப்படிக்கு என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,