கடலுக்காக எனக்கு வைத்த தாம்பூலம்

நகரி
வெள்ளிக்கிழமை

என் முரளிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், முழங்கால் வலியும் கூடவே இருக்கிறது, மாடு சினையாக இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் இந்த வாரம் மஞ்சள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் அகிலாவும் என் பேத்தி ரக்ஷிதாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று திருத்தணி முருகனையும் திருப்பதிப் பெருமாளையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதுகூடப் பரவாயில்லை, இங்கே உன் சித்தப்பன் மாசிலாமணி நீ அவனிடம் பேசுவதை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே காட்டுகிறான். போன வாரம் அவனிடம், ‘அம்மா தாம்பூலம் வாங்கிட்டாங்கன்னா நான் யோசிக்கணும் சித்தப்பா’ என்று சொன்னாயாமே. நம் வீட்டு வாசலில் நின்றே போட்டுக் காட்டினான். அந்த யோசனையை நீ விட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கோணலாக இருந்தாலும் முழுவதும் படி.

நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன். மாசிலாமணி நம் படி ஏறி எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. உன் நைனாவின் கருமாதிக்கு வந்து, துன்ன வாயைத் துடைத்துக்கொண்டே பாயசத்தில் சர்க்கரை குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனவன். நீ பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, விசாகப்பட்டணத்தில் விரிகுடாவைக் கழிவிலிருந்து காக்கிற சங்கத்தில் சேர்ந்தபோது, டீக்கடையில் பத்து பேர் நடுவில், ‘எங்க அண்ணன் புள்ள கடலுக்கு வாட்ச்மேனா போயிட்டான்பா, யாராச்சும் கடல தூக்கினு போயிடுவாங்கன்னு பாத்துக்கினு இருக்கான்’ என்று சிரித்தவனும் அவன்தான். கூடச் சிரித்தவர்கள் பெயரும் எனக்குத் தெரியும், எழுதினால் காகிதம் போதாது. அப்பேர்ப்பட்டவன் செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்து, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், நடுவில் ஒரு அரக்குப் பட்டுப்புடவை வைத்துக்கொண்டு வந்து நின்றான். ‘என் பொண்ணு மஞ்சுவுக்கு நிச்சயம் அண்ணி. பங்காளிங்கள்ல மூத்த மருமக நீங்க. மொதல் தட்டு உங்களுக்குத்தான்’ என்றான்.

உனக்கே தெரியும், நம்மவர்களிடத்தில் தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கினால் வார்த்தை கொடுத்த மாதிரி. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன்கூடக் கோர்ட்டில் மாற்றிப் பேசுவான், தட்டு வாங்கியவர் பேசமுடியாது. அதனால் என்ன விஷயத்துக்குத் தட்டு என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டவேண்டும். நான் கேட்கவில்லை. உன் நைனா போனதிலிருந்து எனக்கு ஒருவரும் தட்டு நீட்டியதில்லை முரளி. இதே மாசிலாமணியின் மூத்த மகன் கல்யாணத்தில் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் உட்கார வைத்து, தாலி கட்டி அட்சதை எல்லாம் போட்ட பிறகுதான், ‘இப்ப வரலாம் அண்ணி’ என்று ஆள் அனுப்பினார்கள். அவனே குங்குமத்தோடு வந்து நின்றதும் கேட்கவேண்டியதை மறந்துவிட்டேன். முந்தானையை விரித்து வாங்கினேன். என் கையில் பாரம் இறங்கியதும் அவன் முதுகு நிமிர்ந்தது. ‘சம்பந்தி கோவர்த்தனன் விசாகப்பட்டணத்துல அந்த கெமிக்கல் கம்பெனில பெரிய மேனேஜரு அண்ணி. முரளி ஏதோ கோர்ட்டுல வந்து கொழாய பாத்தேன்னு சொல்லப் போறானாமே. அன்னிக்கி அவன் போவாம இருந்தா போதும். நீங்க தட்டு வாங்கிட்டீங்க, பேச்சு முடிஞ்சிது’ என்றான். காபிக்குக்கூட அவன் நிற்கவில்லை.

மழை கொட்டும்போது அந்தக் கம்பெனி குழாயைத் திறந்து கழிவை விரிகுடாவில் விடுவதை நீ கண்ணால் பார்த்தாய் என்றும், நீ சொல்லாவிட்டால் உங்கள் சங்கம் போட்ட வழக்கு கோர்ட்டில் நிற்காது என்றும் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். மழையில் போய்க் குழாயைப் பார்க்கவேண்டும் என்று உனக்கு எந்தக் காலேஜிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சித்தப்பன் சாயப்பட்டறைக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வரும். இங்கே மேகம் கறுத்தால் உழவனுக்குக்கூட அத்தனை சந்தோஷம் கிடையாது, மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாயக் கழிவுத் தொட்டியைத் திறக்க ஓடுவான். எல்லாவற்றையும் மழை கொண்டுபோய்விட்டது என்பான், மழை வந்து மறுத்தா பேசப்போகிறது. சென்னைக் கடைகளில் எந்த நிறப் புடவை ஓடுகிறது என்று நம் கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஊதா ஓடிய வருடம் மாடு குடிக்க மறுத்தது. புகார் கொடுத்தேன், ஒரு ஆபீசர் வந்தார், மாசிலாமணி இளநீர் வெட்டிக் கொடுத்தான், அவர் குடித்துவிட்டு ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். பொய் இல்லை, அவர் குடித்தது நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் ஊரும் நகரிக்கு ஒன்றும் இளைத்ததில்லை. போன கார்த்திகையில் ரேணிகுண்டாவில் ரயிலேறி வந்தேனே, அப்போது உங்கள் சங்கம் வைத்த கடற்கரை சுத்தம் செய்கிற விழாவைப் பார்த்தேன். காரில் வந்து இறங்கினார்கள், ஆளுக்கொரு நீலப் பனியன், முதுகில் பார்த்தால் கழிவு விடுகிற அதே கம்பெனியின் பெயர். துணி வாங்கிக் கொடுத்தது அவர்களாம். பிளாஸ்டிக் பொறுக்க வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாவில் இட்லி, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், பொறுக்கியதைவிடப் போட்டது அதிகம் என்று ரக்ஷிதாவே என்னிடம், ‘ஆயா, இவங்க போட்டத யாரு பொறுக்குவாங்க’ என்று கேட்டாள். ஒரு அம்மாள் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் வழக்கு, இன்னொரு பக்கம் உங்கள் சங்கத் தலைவர் மேடையில் ஏறி அந்தக் கம்பெனிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார். நீ மட்டும் பனியன் போடாமல் சாக்கடை வந்து விழுகிற இடத்தில் முழங்கால் அளவு நாற்றத்தில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். பெற்ற வயிறு எரிந்தது, அன்றைக்குத் திட்டினேன். திட்டியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, கால் சிரங்குக்கு மருந்து போட்டாயா இல்லையா?

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய தட்டைத் திருப்ப ஒரே வழிதான் உண்டு, கொடுத்தவன் கையிலேயே, நாலு பேர் முன்னால், அந்த விசேஷம் முடிவதற்குள் கொடுக்கவேண்டும். வந்ததைவிட ஒன்றாவது கூட வைக்கவேண்டும், இல்லாவிட்டால் திருப்பியவருக்கு மரியாதைக் குறைச்சல். புடவை மடிப்புக் கலையாமல் அப்படியே வைத்தேன், வெற்றிலை வாடிவிட்டது, அதனால் புதுக் கவுளி வெற்றிலை வாங்கினேன், மேலே ஒரு தேங்காயையும் வைத்தேன். நிச்சயம் நாராயணவனத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். பஸ்ஸில் புத்தூர் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்திருந்த பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தவளுக்கு நீட்டினாள். யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள், நான் உட்காரவில்லை, நேராக மேடைக்குப் போனேன்.

மாசிலாமணிக்கு வியர்த்தது. ‘அண்ணி, நல்ல நேரத்துல மேடை ஏறாதீங்க, உங்களுக்குத் தெரியாததா’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ‘என் வாசப்படி ஏறி குங்குமத்த நீட்டும்போது உன் நல்ல நேரம் எங்கடா போச்சி? உனக்கு வேணும்னா நான் மூத்த மருமக, வேணாம்னா அறுத்தவளா? பொண்ணு நிச்சயத்துக்குன்னு வாங்கினேன், என் புள்ள வாயக் கட்டறதுக்குன்னு நீ சொல்லல. இந்தா உன் தட்டு, தேங்கா என்னுது’ என்றேன். நாதஸ்வரக்காரர் நல்ல மனுஷன், வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். கோவர்த்தனன் பாதித் தெலுங்கில் மாசிலாமணியின் காதில், ‘எல்லாம் பேசி மாட்லாடி முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே’ என்று சொன்னது முதல் வரிசை வரைக்கும் கேட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ‘பர்வாலேதம்மா, பரவால்ல, கம்பெனி வேற, கல்யாணம் வேற. எங்க கம்பெனி அந்தக் கடலுக்கு எவ்ளோ செய்யிது தெரியுமா, பனியனே எத்தன குடுத்திருக்கோம்’ என்றார். ‘கடலுக்கு எதுக்குங்க பனியன், கொழாய்க்கு ஒரு மூடி போடுங்க’ என்றேன். மாப்பிள்ளைப் பையன் சாய்குமார் சிரித்துவிட்டான், அவன் அம்மா தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன். பையன் கெட்டவன் இல்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

மாசிலாமணி தட்டை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்காவிட்டால் திருப்பியதாக ஆகாது, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன், வெள்ளித் தட்டு கனம். அப்போது மஞ்சு மணையிலிருந்து எழுந்து வந்தாள். என் கண் ஆபரேஷனுக்கு ஒருநாள்கூட வந்து எட்டிப் பார்க்காதவள், அதை நான் விடவில்லை. ஆனால் வந்து, ‘பெரிம்மா, எனக்காகவா இந்தத் தட்டு’ என்று கேட்டாள், பிறகு அவளே அவள் நைனா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ‘ஏன் நைனா, அண்ணன் வாய மூடித்தான் என்ன கட்டிக்குடுக்கணுமா? நான் அவ்ளோ மட்டமா போயிட்டனா’ என்றாள். இரண்டு கையாலும் தட்டை என்னிடமிருந்து வாங்கி அவன் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள். சபை முழுக்கப் பார்த்தது. அந்த நிமிஷத்தோடு என் வார்த்தை என்னிடம் திரும்பி வந்துவிட்டது முரளி, உன்மேல் அது இனி இல்லை.

நிச்சயம் நின்றுபோகவில்லை, மண்டபத்துக்கு வாடகை கொடுத்தவர்கள் யார் நிறுத்துவார்கள். ஆனால் லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது கல்யாணத் தேதியை மட்டும் வாசிக்கவில்லை, கோர்ட்டு விஷயம் முடியட்டும் பார்க்கலாம் என்று கோவர்த்தனன் சொல்லிவிட்டார். எல்லாரும் சாப்பிட்டார்கள், நானும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், சாம்பாரில் உப்பு தூக்கல். கை கழுவுகிற இடத்தில் மாசிலாமணி வந்து, ‘இனிமே உன் வீட்டு நல்லதுக்கும் வரமாட்டேன், சாவுக்கும் வரமாட்டேன்’ என்றான். ஊர் திரும்பியதும் பட்டறை வழியாக மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சந்துக்கு முள் வைத்து அடைத்துவிட்டான், நான் பெரிய தெரு சுற்றிப் போகிறேன். பங்காளிகளில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் தோள் கொடுக்க ஆள் இருக்காது, நீ விசாகப்பட்டணத்திலிருந்து வருகிற வரைக்கும் ஐஸ் பெட்டிதான், பெருமாள் கோயில் தெருவில் வாடகைக்குக் கிடைக்கிறது, பயப்படாதே.

நேற்று மஞ்சு போன் செய்தாள். ‘அண்ணன் எனக்காக ஒண்ணும் கொறச்சி சொல்ல வேணாம் பெரிம்மா, அதுக்கப்புறமும் வரவங்க வரட்டும்’ என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். அவள் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியைக் குறைத்திருக்கிறேன், மீதியை அவள் நேரில் வந்து பார்த்தால் யோசிக்கலாம். அவளுக்குத் தேதி கிடைக்காமல் போனால் அந்தப் பாவம் யார் தலையில் என்று எனக்கே தெரியவில்லை, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நீ போகவேண்டும். கடல்மேல் எனக்குப் பெரிய பிரியம் என்று நினைத்துக்கொள்ளாதே, இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் என் செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. என் பிள்ளையின் வாய்க்கு ஒரு புடவைதான் விலை என்று ஒருவன் நினைத்துவிட்டான், அதற்காகத்தான் மேடை ஏறினேன்.

கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் போனால் உனக்குக் குரல் எழும்பாது. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள். கண்டதைக் கண்டபடி சொல், இருக்கலாம், தோன்றியது என்று படித்தவர்கள் இழுக்கிற மாதிரி இழுக்காதே. கோவர்த்தனனைப் பார்த்தால் வணக்கம் வை, நாளைக்குச் சம்பந்தி ஆனாலும் ஆவார். அகிலாவைத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல். ரக்ஷிதாவுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, நான் எழுதுவதை நாளைக்கு யாராவது படிக்கவேண்டும்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நெடுநாள் இருக்கவேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அங்கே நின்று பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எனக்காகவோ மஞ்சுவுக்காகவோ முழுங்கிவிட்டு வந்தாய் என்று தெரிந்தால், பெற்ற பிள்ளை என்று பார்க்கமாட்டேன், நான் மறக்காமல் வைத்திருக்கிற கணக்கில் மாசிலாமணிக்கு அடுத்த பெயர் உன்னுடையதாக இருக்கும். நான் எத்தனை காலம் மறக்காமல் இருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா
ரத்தினம்மா