வண்டி அன்னைக்கு ஏன் கிளம்பலைன்னா

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்காதீங்க.

இன்னைக்கு வண்டியை எடுத்தே தீருவேன்னு சொன்னீங்களே, எடுத்தவுடனே செல்ஃப் பட்டனை அமுக்காதீங்க. மூணு வாரமா நிக்குது, பேட்டரி இறங்கியிருக்கும். பெட்ரோலை ஆன் பண்ணி, சோக்கை இழுத்துவிட்டு, சாவி போடாம நாலு உதை உதைங்க. அப்புறம் சாவியைப் போட்டு உதைச்சா பிடிச்சிக்கும். மெக்கானிக்கிட்ட கேட்டுத்தான் எழுதறேன்.

"இனி இந்த வீட்டுல இருக்க மாட்டேன்"னு சண்டை போட்ட அன்னைக்குப் பையோட இறங்கி, வேர்த்து விறுவிறுத்து உதைச்சீங்களே! நீங்க பை கட்டிக்கிட்டிருந்தப்ப ப்ளக் வயரைப் பிடுங்கி விட்டது நான்தான். வண்டி பாவம், சும்மா திட்டு வாங்கிச்சு.

இப்ப வயரை மாட்டிட்டேன். இனிமே எதையும் பிடுங்க மாட்டேன். சாவி டி.வி. மேல இருக்கு.

மறந்துட்டேன்: பாப்பாவுக்கு நாலு மணிக்கு ஸ்கூல் விடும். நீங்க கூப்பிடப் போகலைன்னா பக்கத்து வீட்டு அக்கா கூட்டிட்டு வருவாங்க, சொல்லி வெச்சிருக்கேன்.

இன்னும் ஒண்ணு: பாப்பா ஹெல்மெட்டை உங்க ஹெல்மெட்டுக்குப் பக்கத்து ஆணியில மாட்டியிருக்கேன். சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது, சின்னது மட்டும் தனியா தொங்கிட்டிருக்கக் கூடாது.