கண் ஓடக் கூடாது

ஜூன் 3

மருமகள் குறும்படம் எடுக்கிறாள். அவளுக்கு முதல் படம். நான்தான் கதாநாயகன்! படிக்கத் தெரியாத கிழவர் பேருந்துப் பலகை முன்னால் திகைத்து நிற்கிறார். கடைசிக் காட்சியில் அதே பலகையை வாய்விட்டு வாசிக்கிறார். என் கதையேதான். போன வருஷம்தான் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றேன். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிப்போயிற்று. ஆறட்டும்.

ஜூன் 14

படப்பிடிப்பு. "கட்", "கட்" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"மாமா, கண்ணு எழுத்து மேல ஓடுது. தெரியாதவங்க கண்ணு ஓடாது."

"ஓடாதேன்னுதான் சொல்றேம்மா. கேக்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. எழுத்தைப் பார்த்தால் வாசித்துவிடுகிறேன், என்ன செய்ய?

ஜூன் 15

பலகையில் ஏதோ வேற்று மொழி எழுத்தை ஒட்டிவைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. பழைய பயம் வந்துவிட்டது. யாரைக் கேட்கலாம் என்று தலை தானாகத் திரும்பியது.

"சூப்பர் மாமா! இதான் வேணும்!"

பிறகு கம்ப்யூட்டரில் நம் எழுத்தை மாற்றி வைத்துவிடுவார்களாம்.

மத்தியானம் கடைசிக் காட்சி. நம் எழுத்துப் பலகை. கணீரென்று வாசித்தேன். கேமராக்காரர் கைதட்டினார்.

ஜூன் 16

வாசித்ததை நினைத்து நினைத்துச் சிரிப்பு வருகிறது.

ஆகஸ்ட் 2

திரையிட்டார்கள். சுவர் அகலத்துக்கு என் முகம். திகைத்து நிற்கிறேன். இதோ வாசிக்கப் போகிறேன் என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து கேட்டேன். "நீங்க வாசிச்சதும் சோகம் இறங்கிடுது மாமா. அதான் வெட்டிட்டோம்."

சோகம் இறங்கக் கூடாதா? யாருக்கு? நான் கத்துக்கிட்டது உன் படத்துக்குக் கெடுதலா?

யாரோ ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து அழுதாள். "எனக்குப் படிக்கத் தெரியும்மா" என்றேன்.

"வெக்கப்படாதீங்க பெரியவரே" என்றாள்.

ஆகஸ்ட் 9

படத்துக்குப் பரிசு. பத்திரிகையில் வந்திருக்கிறது: 'எழுதப் படிக்கத் தெரியாத முதியவரையே நடிக்க வைத்து...' நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

ஆகஸ்ட் 10

சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 21

அடுத்த படத்துக்கும் நானாம். கதைத் தாள்களைக் கொடுத்திருந்தாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். இந்தத் தடவை காது கேட்காத கிழவர்.

முதல் தாளில், மேலே, பெரிதாக 'முடியாது' என்று எழுதி அவளிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு மகனிடம் கொடுத்தாள்.

"ஏம்ப்பா, இதை வாயால சொன்னா ஆகாதா?" என்றான் மகன்.

வாயால் சொன்னதைத்தான் வெட்டிவிட்டார்களே.