லிங்கம்மாளின் கொம்பு

பரளச்சி பக்கம்,
14.9.1968.

அன்புத் தம்பி பொன்ராஜுக்கு அக்கா சந்தனம்மாள் எழுதுவது. நீயும் உன்னிடம் படிக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முனியாண்டியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆடியில் விதைத்த கம்பு கருகிப்போனது. நாட்டாமை கருத்தப்பாண்டியின் உழவு மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் செத்தன. உன் மருமகள் மாரிக்கனிக்கு மறுபடியும் முழங்கால் வீங்கியிருக்கிறது. டவுனு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் உன் மச்சான் மனம் வைக்க வேண்டும். அவர் என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது.

பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது சாவடியில் ஒரு புத்தகம் வாசித்தாயே, நினைவிருக்கிறதா? சீமையில் சில பெண்கள் சாத்தானுக்குத் தங்களையே எழுதிக்கொடுத்துச் சூனியம் வைத்தார்கள் என்று உயிரோடு எரித்த கதை. படத்தில் சாத்தானுக்கு ஆட்டுக்கொம்பு இருந்தது. படத்தைப் பார்த்ததும் ஆளாளுக்கு எழுந்து போய்விட்டார்கள். கடைசியில், அந்தப் பெண்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள், சாத்தான் கதையெல்லாம் வழக்கு விசாரித்தவர்கள் கட்டியது என்று நீ வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்தது நானும் லிங்கம்மாளும்தான். பாவம் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிங்கம்மாளை உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீட்டுப் பெண், புருஷன் செத்த பிறகு நம் ஊரில் கொம்பு வைத்துப் பிழைத்தவள். வீங்கிய இடத்தில் லேசாகக் கீறி, ஆட்டுக்கொம்பைக் கவிழ்த்து, நுனித் துளையில் வாய் வைத்து உறிஞ்சி, மெழுகால் அடைப்பாள். பிறகு கெட்ட ரத்தம் இறங்கும் மட்டும் தன் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் எண்ணுவாள். ஒந்து, எரடு, மூரு. டவுனில் சேலை எடுக்கப் போகும்போது நாம் எல்லாரும் கேட்கிற பேச்சுதான்.

மாடு செத்ததும் அவள் வீட்டுக் கொம்பு எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. பொன்ராஜு வாத்தியார் காட்டிய சாத்தான் கொம்பு இதுதான் என்றார்கள். முனியாண்டிக்குக் கிடா வெட்டி, ரத்தம் தெளித்து, கொம்பைக் கோயில் வாசலில் கட்டுகிற ஊர் இது. சாத்தான் என்ற பேரையே உன் வாயால்தான் கேட்டார்கள். ஆறு மாதத்தில் அவனுக்கு ஒரு பெண்டாட்டியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

சாவடியில் கூடிய ஊர்க் கூட்டத்தில் நாட்டாமை என்னைத்தான் கேட்டார்.

"ஏத்தா சந்தனம், உன் பிள்ளைக்குத்தான் அடிக்கடி கொம்பு வச்சா. வாய்க்குள்ள என்னத்தச் சொல்லுவா?"

லிங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியாதுய்யா" என்று சொன்னேன். தம்பி, எனக்குத் தெரியும். பயத்தில் அப்படிச் சொன்னேன்.

பல் போனால் மந்திரம் பலிக்காதாம். குறட்டால் முன்பல் இரண்டைப் பிடுங்கினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டவர்களில் உன் மச்சானும் ஒருவர். வாயில் துணியை அமுக்கிக்கொண்டு, பாளையம்பட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நடந்தே போனாள். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் என் நாக்கு என் முன்பற்களையே தடவுகிறது. அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் பின்னால் அவள் நின்று பார்ப்பது போலவே இருக்கிறது. செத்தவள் வந்து நின்றால் வேப்பிலை கட்டலாம். இவள் உயிரோடு இருக்கிறாளே, என்ன கட்டுவது?

அவள் போன வழியில் கிடந்த கொம்பை எடுத்து வந்து கம்புப் பானைக்குள் ஒளித்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. போன திங்கட்கிழமை மாரிக்கனி வலியில் துடித்தாள். வேறு வழி தெரியாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்காரவைத்து நானே கொம்பு வைத்தேன். லிங்கம்மாள் எண்ணுகிற மாதிரிதான் எனக்கும் எண்ண வந்தது. தலையைத் தூக்கினால், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் நிற்கிறாள்.

மறுநாள் முதல் யாரும் எங்கள் வீட்டில் நெருப்பு வாங்க வருவதில்லை. உன் மச்சான் நான் வைத்த சோற்றைத் தொடுவதில்லை. தண்ணீரும் அவரே இறைத்துக் குடிக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை என்னைச் சாவடிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கடைசிவரை வாசித்தாய், அவர்கள்தான் இருந்து கேட்கவில்லை. ஆனாலும் நீ வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. ஊரார் பார்க்கப் பகல் பஸ்ஸில் வந்து இறங்கு. வாத்தியார் சொன்னால் கேட்டாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் எனக்காக யாரிடமும் மல்லுக்கு நிற்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடு. அவளை என் மகள் என்று யாரும் சொல்லாத ஊரில் படிக்க வை. காலுக்கு ஆஸ்பத்திரியில் காட்டு. என்னைக் கேட்டு அழுதால், அம்மா நல்லவள் என்று மட்டும் சொல்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் ராசா.

உன் அக்கா,
சந்தனம்மாள்.